நான் அடிக்காத அடி

வாடகைக்கு வீடு கேட்கிறவன் முதலில் முகத்தை இடப்பக்கம் திருப்ப வேண்டும். பிறகு வலப்பக்கம். பிறகு நேராகப் பார்த்து இமைக்க வேண்டும். இமைத்தது போதாதென்றால் கைபேசி மறுபடியும் இமைக்கச் சொல்லும். ஐம்பத்து நான்காவது வயதில், ஆதார் அட்டையைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் சாத்திவைத்த கைபேசிக்கு நான் ஏழு முறை இமைத்துக் காட்டினேன். சிறைக்குள் போகிறவனைக்கூட இரண்டு படத்தோடு விட்டுவிடுவார்கள்.

"திருட்டு முழி முழிக்காதீங்க," என்றாள் மனைவி, எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே. "வீடு குடுக்க மாட்டாங்க."

"இது என் சொந்த முழி."

"அதத்தான் சொல்லுதேன்."

அவள் விளையாட்டாகச் சொன்னாலும் அந்த வீடு அவளுக்கு விளையாட்டில்லை. பதினோரு வருடமாகக் கரமனையில் ஒரு மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர், மேலே நாங்கள், நடுவே இருபத்திரண்டு படி. போன வருடம் மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. கூடுமானவரை படி ஏறி இறங்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியனுப்பினார். அதன் பிறகு அவள் பிசியோதெரபிக்கு மட்டும்தான் கீழே இறங்கினாள். நான் பின்னோக்கி ஒவ்வொரு படியாக இறங்க, அவள் என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு வருவாள். பார்ப்பவர்களுக்கு ஏதோ மேல்நாட்டு நடனம் போலிருக்கும். மற்ற நாளெல்லாம் மாடி ஜன்னல்தான் அவளுக்குத் திருவனந்தபுரம்.

இந்த நிலையில், வளைகுடாவிலிருந்து மகன் குடும்பத்தோடு திரும்பி வருகிறான், மாடி வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு உள்ளூர நிம்மதி. நானாக அந்த வீட்டை விட்டுப் போக எனக்குத் தைரியம் வந்திருக்காது. எனக்கு எதற்குமே தைரியம் வந்ததில்லை. இதை இங்கே அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, பின்னால் சாட்சியமாகத் தேவைப்படும்.

தேடி அலைந்து பூஜப்புரையில் ஒரு சந்துக்குள் தரைத்தள வீடு ஒன்று கிடைத்தது. வாசலில் ஒரே ஒரு படி. மாடியில் வீட்டுக்கார அம்மாள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, தனியாக இருக்கிறார். மனைவியை ஆட்டோவில் கூட்டிப் போய்க் காட்டினேன். அவள் கூடத்திலிருந்து சமையலறைக்கும், சமையலறையிலிருந்து பின்வாசலுக்கும் எதையும் பிடித்துக்கொள்ளாமல் நடந்தாள். பின்கட்டில் துணி காயப்போடும் கொடி ஒன்று இருந்தது. அதன் கீழே வெயிலில் நின்று, கொடியை ஒரு முறை இழுத்து, அது எவ்வளவு தாங்கும் என்று பார்த்தாள். வீடு பிடித்திருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. முப்பது வருடம் குடும்பம் நடத்தியதில் எந்த இடத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்பது மட்டும் தெரியும்.

"எனக்குத் தமிழங்கள இஷ்டமாணு," என்றார் அம்மாள். பாறசாலைப் பள்ளிக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தபோது கற்ற தமிழ். "ஒரு சல்லியமும் தொல்லையும் இல்லாத்த ஆளுங்க. பக்ஷே மகள் அயர்லாந்துல இருக்குதல்லோ, அவள் சொல்லிட்டாள், ரிப்போர்ட் வேணும்னு. இப்ப எல்லாரும் அதானே."

அந்த ரிப்போர்ட்டுக்காகத்தான் இமைத்தேன். ஏதோ ஒரு நிறுவனம். வீட்டுக்காரர்கள் ஒரு பெயரைக் கொடுத்தால் குடிவரப் போகிறவனின் பூர்வோத்திரத்தையெல்லாம் துருவி வண்ணத்தில் அறிக்கை தரும். அதற்கு முன்னால் ஒரு படிவம். வீட்டில் மீன் சமைப்பதுண்டா? மாதத்துக்கு எத்தனை முறை விருந்தினர் வருவார்கள், எத்தனை நாள் தங்குவார்கள்? அக்கம்பக்கத்தாரோடு மனஸ்தாபம் உண்டா? கடைசியாக, விருப்பமிருந்தால் மட்டும், சமுதாயம். 'விருப்பமிருந்தால்' என்ற அந்த நாசூக்கைப் பாருங்கள். பந்தியில் கடைசி வரிசைக்கு அனுப்புகிறவர்கள்கூட இப்படித்தான் கையைக் கூப்பி வழிகாட்டுவார்கள். ஆனாலும் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினேன். விருப்பமிருந்தால் என்று கேட்டதற்கும் எழுதினேன். கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஞாபகம்.

மூன்றாவது கட்டத்தில் 'வீட்டுப் பெயர்' என்று இருந்தது. அதற்கும் எழுதினேன். வினை அங்கேதான் இருந்தது.

கேரளத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டுப் பெயர் உண்டு. மனிதர் பெயருக்கு அடுத்ததாக அதைத்தான் கேட்பார்கள். கல்யாணப் பத்திரிகையிலிருந்து நீதிமன்ற நோட்டீஸ் வரை அது இல்லாமல் எதுவும் நகராது. திருநெல்வேலியில் எங்கள் வீட்டுக்குப் பெயர் கிடையாது, கதவிலக்கம் உண்டு, அதையும் வெள்ளையடிக்கிறவர் மூடிவிட்டார். பிழைக்க வந்த புதிதில் ரேஷன் படிவத்தில் அந்தக் கட்டத்தில் கோடு போட்டேன். குமாஸ்தா திருப்பித் தந்து, "வீட்டுப் பேரில்லாத்த மனுஷ்யன் உண்டோ?" என்று கேட்டார். அன்றிலிருந்து எந்த வீட்டில் குடியிருக்கிறேனோ அந்த வீட்டின் பெயரையே என் வீட்டுப் பெயராக எழுதி வந்தேன். ரேஷன் அட்டை, வங்கி, எரிவாயு, எல்லாவற்றிலும் கரமனை வீட்டுக்காரரின் பூர்வீகத் தறவாட்டுப் பெயர்தான். இங்கே பிழைக்கும் தமிழர்களில் பாதிப்பேர் இப்படித்தான் வாடகைப் பெயரில் வாழ்கிறார்கள். பெயர் எழுதின பலகை கேட்டில் தொங்குகிறது, நம்மை யாரும் தடுக்கவில்லை, எழுதிவிடுகிறோம்.

நான்காம் நாள் அம்மாள் கூப்பிட்டனுப்பினார். அறிக்கை என்னைப் பற்றியது, ஆனால் எனக்கு வராது. அவருக்குத்தான் வரும். மேசைக்கு அந்தப்பக்கம் அவர் உட்கார்ந்திருக்க, இந்தப்பக்கம் நான் நின்றேன். நாற்காலி இருந்தது, உட்காரச் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். என் கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது.

"சார் யாரை அடிச்சு?"

"யாரையும் அடிக்கலையே."

"இதில் உண்டல்லோ." கைபேசியை என் பக்கம் திருப்பினார். எட்டிப் பார்க்கிற தூரத்தில்தான் வைத்திருந்தார், கையில் தரவில்லை. மேலே சிவப்பு வட்டம். கீழே என் பெயர், வீட்டுப் பெயர், கரமனை. வாடகை தொடர்பான தகராறு. உடல் தாக்குதல். குற்றம் சாட்டப்பட்டவர்.

நான் நாய் குரைத்தால் தெருவை மாற்றிக்கொள்கிறவன். பேருந்தில் மீதிச் சில்லறையைக் கேட்கக் கூச்சப்பட்டு இறங்கிவிடுகிறவன். இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். கோழைத்தனத்துக்குச் சான்றிதழ் தரும் அலுவலகம் ஒன்று இல்லாத குறை அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எனக்கு விசுவாசமாணு சாரே," என்றார் அம்மாள். "சாரைக் கண்டா அங்ஙனத் தோணாது. பக்ஷே மகள் சொல்றாள், சிவப்பானா குடுக்க வேண்டான்னு. மஞ்சளானா அம்மாட இஷ்டம்னு. ஞாயிறாழ்ச்ச உச்சைக்குள்ள சரியாக்கிக் கொண்டு வா. வேற ஒரு பார்ட்டியும் வீடு கேட்டிட்டிருக்கு."

அன்று வியாழக்கிழமை.

ஆட்டோவில் வரும்போதுதான் உறைத்தது. கரமனை வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஒரே பெயர். தெற்கே இரண்டு மொழிக்காரர்களும் பிள்ளைகளுக்குத் தாராளமாக வைக்கிற பெயர். பதினோரு வருடம் முன்னால் வீடு கேட்டுப் போனபோது, அதைக் கேட்டதும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றிலிருந்து என்னைப் "பேருகாரா" என்றுதான் கூப்பிடுவார். எங்களுக்கு முன்னால் அந்த மாடியில் மார்த்தாண்டத்துக்காரக் குடும்பம் ஒன்று இருந்ததாம். காலி செய்யச் சொல்லியும் போகவில்லையாம். தண்ணீர் மோட்டாரின் பியூசைப் பிடுங்கி, பாத்திரங்களை எடுத்துப் படியில் உருட்டி, தடுக்க வந்த அந்த மனிதரை இரண்டு அறை அறைந்ததை, நாங்கள் குடிவந்த முதல் மாதமே, தேநீர் குடித்துக்கொண்டே வீட்டுக்காரர் நடித்துக் காட்டினார். மார்த்தாண்டத்துக்காரர் போலீசில் புகார் கொடுத்திருந்தார். வழக்கும் ஆனது.

அந்தக் கதைக்கு நான் சிரித்தேன். புது வீட்டுக்காரர் கதை சொல்லும்போது வேறென்ன செய்வார்கள் என்று இப்போது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பாத்திரம் உருண்ட சத்தத்தை அவர் வாயால் எழுப்பியபோது நான் உண்மையாகவே, தொடையைத் தட்டிச் சிரித்தேன்.

ஆக, ஒரு வீட்டுக்காரர் குடியிருந்தவரை அடித்தார். சட்டம் குடியிருந்தவரின் பக்கம் வந்து வழக்குப் போட்டது. அந்த வழக்கு, பெயரும் வீட்டுப் பெயரும் ஊரும் பொருந்துகிறது என்று, அடுத்துக் குடியிருந்தவன் தலையில் இறங்கியிருக்கிறது. வாடகைக்காரனைக் காப்பாற்ற எடுத்த நடவடிக்கை வாடகைக்காரனையே குற்றவாளியாக்கும் இந்த வித்தை யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல என்பதுதான் இதில் அருவருப்பானது. திட்டமிட்டிருந்தால் ஒரு முகமாவது இருந்திருக்கும், காறித் துப்ப.

வீட்டுக்காரர் கார் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். குழாயைக் கீழே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"எடோ பேருகாரா! அடிச்சது நான், பேரு உனக்கு! அது எப்பவே ராஜியாகி ஒத்துத்தீர்ப்பாயிப் போச்சே."

"அது உங்க கேசுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும் சார்."

சிரிப்பு நின்றது. "எழுதியோ?"

"ஒரே ஒரு வரி."

"அது சரியாகாது." குரலைத் தாழ்த்தினார். "அடுத்த மாசம் ரெசிடென்ஸ் அசோசியேஷன் எலெக்‌ஷன். பிரசிடெண்டா நானாக்கும் நிக்கிறது. இப்பப் போய் அடிகேஸ் என்னோடதுன்னு எழுதித் தந்தா நாட்டுகாரு என்ன சொல்லும்?"

"உண்மையச் சொன்னா..."

"நீ யாரிட்ட வேணுன்னாலும் சொல்லு. வாயால சொல்லு. எனக்கொரு விரோதமும் இல்ல. பேப்பர்ல வேண்டா." பிறகு என் தோளில் ஈரக் கையை வைத்தார். "ஜெயிச்சா முதல் காரியம் என்ன தெரியுமா? நம்ம ஏரியாவுல வாடகைக்கு வர்றவன் எல்லாருக்கும் இந்த ரிப்போர்ட் கம்பல்சரி ஆக்கணும். கண்டவனெல்லாம் கேறி வர்றான்."

என் சட்டையில் அவர் கையின் ஈரம் ஐந்து விரலாகப் பதிந்திருந்தது. மாடியேறி, வேறு சட்டை மாற்றிக்கொண்டு, வஞ்சியூருக்குப் போனேன். அங்கே எனக்கு ஒரு வக்கீல் நண்பன் உண்டு. நாகர்கோவில் பக்கம் பிறந்து, நீதிமன்ற வளாகத்தின் எதிரிலேயே தொழில் செய்து தாடி நரைத்தவன். நான் எழுதும் நகைச்சுவைக் கட்டுரைகளைப் படித்துவிட்டு ஒரு நாளும் சிரிக்காதவன். நான் சொன்னதைக் கேட்டு அன்றைக்குச் சிரித்தான்.

"சட்டம் என்னடே சொல்லுது?" என்று கேட்டேன்.

"எடே, உள்ள இருக்கவனுக்கு நல்ல சட்டம் கெடக்கு. தண்ணிய அடைக்கக் கூடாது, கரண்டக் கட் பண்ணக் கூடாது, தக்க காரணமில்லாம எறக்கி விடக் கூடாது. ஸ்ட்ராங் சட்டமாக்கும். பக்ஷே நீ உள்ள இல்லயே. வாசல்ல நிக்கே. வாசல்ல நிக்கவனுக்கு வீடு குடுக்கணும்னு எந்தச் சட்டத்துலயும் எழுதல."

"தப்பான விவரத்த எழுதி வச்சிருக்கானே, அதுக்கு?"

"அதுக்கும் புதுச் சட்டம் வந்தாச்சு. உன்னப் பத்தி என்ன வச்சிருக்கான்னு நீ கேக்கலாம். தப்பாருந்தாத் திருத்தச் சொல்லலாம். அந்தப் பிரிவெல்லாம் முழுசா நடப்புக்கு வரட்டும். வந்த பெறவு நீ எழுதணும், அவன் பதில் சொல்லணும், சொல்லலேன்னா மேல போணும்."

"எவ்வளவு நாளாகும்?"

"அதுக்குள்ள உன் பொண்டாட்டிக்கு முட்டு சரியாயிரும்."

மானநஷ்ட வழக்கு என்று ஆரம்பித்தேன். அவன் என் கைபேசியை வாங்கி, நான் அம்மாளிடம் கெஞ்சி அனுப்பச் சொல்லி வாங்கியிருந்த அறிக்கையின் அடிப்பக்கத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினான். எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: 'இந்தப் பதிவு விண்ணப்பதாரருடன் பொருந்தக்கூடும்.'

"பாத்தியா? நீதான்னு அவன் சொல்லல. நீயா இருக்கலாம்னுதான் சொல்லுதான். போலீஸ்ல கேசில்லன்னு ஒரு சர்டிபிகேட் கேட்டு அப்ளை பண்ணு. வரும். ஞாயித்துக்கெழமைக்குள்ள வராது."

கட்டணம் வாங்கவில்லை. தேநீர் வாங்கித் தந்தான். சட்டத்திலிருந்து அன்றைக்கு எனக்குக் கிடைத்தது அந்தத் தேநீர்தான்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்திலிருந்து அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டேன். தமிழுக்கு நான்கை அழுத்தச் சொன்னது. இருபது நிமிட வயலினுக்குப் பிறகு ஒரு பெண் பேசினார். மரியாதையான குரல். நான் மூச்சுவிடாமல் சொன்ன கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "புரியுது சார்," என்றார். "உங்களுக்கு ரெண்டு ஆப்ஷன் இருக்கு. 'இது நான் இல்லை'ன்னு போட்டீங்கன்னா டிஸ்பியூட் ஓப்பன் ஆகும். முப்பது ஒர்க்கிங் டேஸ். அதுவரைக்கும் ரெட்லதான் இருக்கும்."

"இன்னொண்ணு?"

"'இது நான்தான், வழக்கு முடிந்துவிட்டது'ன்னு போட்டீங்கன்னா உடனே மஞ்சள் ஆகிடும் சார்."

"ஆனா அது நான் இல்லையேம்மா."

"புரியுது சார். அப்படின்னா முதல் ஆப்ஷன்."

"செய்யாதவனுக்கு முப்பது நாள், செஞ்சவனுக்கு உடனேயா?"

அந்தப் பெண் சற்று யோசித்தார். "செஞ்சவங்களா இருந்தா வெரிஃபை பண்ண ஒண்ணுமில்ல இல்லையா சார்," என்றார். அதில் தர்க்கம் இருந்தது.

போனை வைத்துவிட்டு எதிரே கிடந்த கோப்பைத் திறந்தேன். நான் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்கிறவன். விண்ணப்பத்தில் தந்தை பெயரின் முதலெழுத்து ஒரு மாதிரி, மரணச் சான்றிதழில் வேறு மாதிரி என்று, கணவனைப் பறிகொடுத்த பெண்களின் மனுக்களைத் திருப்பி அனுப்புவது என் அன்றாடப் பணி. 'தாங்கள் குறிப்பிடும் நபரும் ஆவணத்தில் உள்ள நபரும் ஒருவரே என்பதை நிறுவவும்.' அந்த வாக்கியம் நானே வடித்தது. மேலதிகாரி பாராட்டியிருக்கிறார். அன்று திறந்த கோப்பு போனக்காடு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுடையது. கணவர் பெயர் ஓரிடத்தில் தமிழ் வழக்கப்படியும் ஓரிடத்தில் மலையாள வழக்கப்படியும் இருந்தது. அவளை இந்த வாக்கியத்தோடு நான் ஏற்கெனவே இரண்டு முறை மலையிலிருந்து இறக்கியிருந்தேன். அன்று அனுமதித்துக் கையெழுத்துப் போட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அவள் எனக்கு என்ன நிறம் கொடுப்பாள் என்று கேட்டுக்கொள்ளப் பயந்து போட்ட கையெழுத்து.

சனிக்கிழமை காலை, மனைவியிடம் இரண்டு வாய்ப்பையும் சொன்னேன். அவள் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்கதான் அடிச்சீங்கன்னு எழுதிக் குடுக்கணுமாக்கும்."

"ஆமா."

"நம்பவா செய்வாங்க? இத்தன வருசத்துல ஒரு கொசுவ ஒழுங்கா அடிச்சதில்ல நீங்க." ஒத்தடத் துணியைப் பிழிந்தாள். "வேண்டாங்க. அடுத்தவன் பாவத்த நாம எதுக்குச் சொமக்கணும். வேற வீடு பாப்போம்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதிர்வீட்டு மொட்டை மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அவள் அதைப் பார்க்கவில்லை என்றுதான் சத்தியம் செய்வாள்.

நான் கைபேசியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். நிறுவனத்தின் செயலியில் 'இது நான்தான்' என்ற வட்டத்தைத் தொட்டேன். உடனே அடுத்த பக்கம் வந்தது: 'சம்பவத்தை இருநூறு எழுத்துக்குள் விளக்கவும்.'

இங்கேதான் நான் எனக்கே அசிங்கமானேன். ஒரு வரி கிறுக்கிவிட்டு முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. முதலில் 'சிறு கைகலப்பு' என்று எழுதினேன். அதில் மனம் திருந்தியவன் தெரியவில்லை, அழித்தேன். 'ஆத்திரத்தில் அறிவிழந்து' என்று எழுதினேன், நாடகத்தனமாக இருந்தது. 'இளமை வேகத்தில்' என்று போட்டேன், நாற்பத்து மூன்று வயதில் என்ன இளமை என்று எடுத்தேன். நாலாவது திருத்தத்தில் வந்தது: 'ஒரு நிமிடக் கோபம். அவர் முகத்தை இன்றும் மறக்கவில்லை. நேரில் மன்னிப்புக் கேட்டேன், அவர் பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டார்.' படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அந்த வருடம் நான் எழுதியதிலேயே சுத்தமான உரைநடை அதுதான். பார்த்தேயிராத ஒரு மார்த்தாண்டத்துக்காரரை, அவர் வாங்கிய அறைக்கு எனக்கு மன்னிப்பும் கொடுக்க வைத்து, நடை அழகையும் ரசித்துவிட்டு, சமர்ப்பித்தேன். வட்டம் மஞ்சளானது.

ஞாயிறு காலை அம்மாள் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த மூன்று வாக்கியத்தையும் அயர்லாந்து மகள் தாய்க்கு வாசித்துக் காட்டியிருந்தாளாம்.

"மனுஷ்யன் தெற்று செய்யும். அதை ஒத்துக்கிறவன் கொறவு," என்றார். "அன்னிக்கு ஏன் சார் இல்லைன்னு சொல்லிட்டு? நேரத்தே சொல்லிக்கூடாயிருந்தோ?"

"வெட்கமாயிருந்துச்சும்மா," என்றேன். அது மட்டும் பொய்யில்லை.

"தேஷ்யம்... கோபம் வரும்போ ஒண்ணு முதல் பத்து வரை எண்ணணும். நான் பிள்ளைங்களிட்ட அதான் சொல்லும்."

"எண்ணுறேம்மா."

சாவியைக் கொடுத்தார். கொடுக்கும்போது என் கையைத் தொடாமல் மேசையில் வைத்து நகர்த்தினார்.

குடிவந்தோம். ஒப்பந்தத்தில் இருபது நிபந்தனைகள். ஒன்பதாவது, சுவரில் ஆணியடிக்கவோ துளையிடவோ கூடாது, குளியலறை டைல்ஸில் கண்டிப்பாகக் கூடாது. மனைவிக்கு அங்கே ஒரு கைப்பிடி வேண்டும், ஈரத் தரையில் வழுக்கினால் அறுவை செய்த முழங்கால் போய்விடும் என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுப் பார்த்திருந்தேன். மகளிடம் கேட்க வேண்டும் என்று அம்மாள் சொன்னதோடு சரி. இதற்கிடையில் வக்கீல் நண்பன் நிறுவனத்துக்கு ஒரு திருத்தக் கடிதம் தயாரித்து எனக்கு அனுப்பினான். விண்ணப்பதாரர் நெருக்கடியில் தவறாக ஒப்புக்கொண்டார், பதிவை நீக்க வேண்டும் என்று அழகாக எழுதியிருந்தான். நான் கையெழுத்திட்டால் போதும். "ஒத்துக்கிட்டவன் இல்லன்னு சொன்னா எவ்வளவு நாளாகும்னு எனக்கே தெரியாது, ஆனா போட்டு வை," என்றான்.

குடிவந்த இரண்டாவது வாரம் சமையலறைச் சாக்கடை அடைத்துக்கொண்டது. முப்பது வருட வாடகை வாழ்க்கையில் இதற்கு ஒரு முறை உண்டு. முதல் வாரம் தயங்க வேண்டும். இரண்டாம் வாரம் தற்செயலாகச் சொல்வது போலச் சொல்ல வேண்டும். மூன்றாம் வாரம் நாமே ஆளைப் பிடித்துச் சரி செய்ய வேண்டும். நான் தயக்கத்தைத் தொடங்கும் முன்பே அம்மாள் வாசலுக்கு வந்துவிட்டார், தண்ணீர் தேங்கியதை மேலிருந்து பார்த்திருக்கிறார். பக்கத்துத் தெருவிலிருக்கும் தம்பியைத் துணைக்குக் கூட்டி வந்திருந்தார். தம்பி எனக்கும் அக்காவுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"சார் தேஷ்யப்படண்டா," என்றார் அம்மாள். "இப்ப ஆள் வரும்."

ஒரு மணி நேரத்தில் பிளம்பர் வந்தார். பதினோரு வருடம் உத்தமனாக இருந்து கரமனையில் கிடைக்காத வேகம். பிளம்பர் வேலை செய்யும்போது அம்மாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்தக் கைப்பிடி... எவிட வேணும்னு சேச்சி சொன்னா, இவனே இட்டுத் தரும்," என்றார். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. வெயில் கண்ணில் பட்டு முகத்தைச் சுளித்திருந்தேன், அவ்வளவுதான்.

அடிதடிக்காரன் என்று பெயரெடுத்தால் ஒரு வயதான பெண்மணி பயந்து டைல்ஸைத் துளைக்கச் சம்மதிப்பார். ஒழுங்கானவன் என்றால் ஒன்பதாவது நிபந்தனை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐம்பத்து நான்கு வருடமானதும், கண்டுபிடித்த நிமிடம் எனக்குள் ஏதோ ஒன்று காலை நீட்டி உட்கார்ந்ததும், எழுதவே கூசுகிறது.

மனைவி மறுநாள் பின்கட்டில் துணி உலர்த்தினாள். ஒவ்வொன்றாக உதறி, மடிப்பு நீக்கி, கொடியில் இடம் விட்டுவிட்டுப் போட்டாள். என் சட்டைகளை மட்டும் கடைசியில். உள்ளே வந்ததும் மேசையில் கிடந்த வக்கீலின் கடிதத்தைப் பார்த்தாள்.

"இதுக்குக் கையெழுத்துப் போடலியா இன்னும்?"

"போடணும். இன்னிக்கே அனுப்பிருவேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து காலை மெல்ல நீட்டினாள். கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள். ஆங்கிலம் என்பதால் நேரமெடுத்தது.

"அவசரமா என்ன?"

"நீதானே அடுத்தவன் பாவம்னு சொன்னே."

"சொன்னேன். இல்லேன்னு யாரு சொன்னா." கடிதத்தை எடுத்த மடிப்பிலேயே மடித்தாள். "வாசப்படியில ஒரு பிடி இல்ல, கேட்டியளா. ஒத்தப் படிதான். ஆனாலும் மழையில வழுக்கும். மொதல்ல அதக் கேட்டுப் போட வச்சிருங்க. பெறவு அனுப்பலாம்."

அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

அம்மாளிடம் கேட்க மாடிக்குப் போனேன். பாதிப் படியில் நின்று, முகத்தைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டேன். அதற்கான தசைகள் என்னிடம் இருக்கின்றன.